நானூறு கற்களைக் குளிப்பாட்டிய கதை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுத்த வீட்டான் தலை குனிந்து எழுதும் கடிதம். கடிதம் எழுதினால் எல்லாரும் தலை குனிந்துதான் ஆக வேண்டும், அதில் என்ன பெருமை என்று பக்கத்தில் நின்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். நான் சொல்வது வேறு குனிவு என்பது போகப் போகத் தங்களுக்குப் புரியும். இங்கே நான், அவள், மகள், மாப்பிள்ளை நால்வரும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியம்தானே? தங்கள் இடது முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறும்போது அதற்கு அதிகம் வேலை கொடுக்க வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் இங்கே வருவதாகப் போனில் சொன்னதிலிருந்து வீட்டில் ஆனந்தம் தாண்டவமாடுகிறது. அந்த ஆனந்தத்தை ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், தள்ளி வைத்தால் இன்னும் பிரமாதமாகத் தாண்டவமாடும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். காரணம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு சின்ன விஷயம். அதைப் போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவானேன் என்றால், போனில் தங்கள் குரலைக் கேட்டவுடன் என் நாக்கு என்னைக் கேட்காமலே பொய் சொல்ல ஆரம்பித்துவிடுகிறது. தவிர, முப்பத்தொரு வருஷம் தபால் கவுண்டரில் நின்றவருக்கு ஒரு கெட்ட செய்தி போய்ச் சேர வேண்டுமானால் அது உறைக்குள், தபால்தலையோடு போவதுதானே மரியாதை? முதலில் சிமெண்ட் காயவில்லை என்று எழுதலாம் என்றிருந்தேன். பிறகு என் வீட்டுக்காரிக்கு ஜலதோஷம் என்று எழுதலாம் என்றேன். "எனக்கு எதுக்கு ஜலதோஷம்? தப்பு பண்ணது நீங்க, ஜலதோஷமும் உங்களுக்கே வரட்டும்" என்றுவிட்டாள். ஆகையால் வேறு வழியில்லாமல் உண்மையை எழுதுகிறேன்.

பிள்ளைகள் வாங்கிய வீட்டின் முன்னறைத் தரை விரிசல் விட்டுக் கிடந்ததும், இடிபடுகிற பழைய கட்டடங்களில் பெயர்த்தெடுத்த விக்டோரியா காலத்து டைல்ஸை வீட்டு அலங்காரத்துக்குப் பதிப்பதுதான் இப்போது நாகரிகம் என்று மகள் தன் போனில் படம் படமாகக் காட்டியதும் தாங்கள் அறிந்ததே. அது தங்கள் காதில் விழுந்த நேரம், தாங்கள் வேலை பார்த்த, நூறு வருஷத்தைத் தாண்டிய அந்தத் தபால் நிலையத்தையும் இடிக்க ஆரம்பித்தார்கள். தாங்கள் விடுவீர்களா? கவுண்டருக்கு முன்னும் பின்னும் இருந்த தரையை அப்படியே கேட்டு வாங்கி, நானூறு கல்லை, பெட்டிக்கு இருபத்தைந்து வீதம் பதினாறு பெட்டியில், பழைய செய்தித்தாள் சுற்றி அனுப்பிவைத்தீர்கள். மருமகளுக்கு மாமனார் ஒரு சங்கிலி போடுவது உண்டு, தான் நின்ற தரையையே பெயர்த்துக் கொடுத்த மாமனாரை நான் கேள்விப்பட்டதில்லை. பெட்டிகள் வந்த அன்று என் மகள் முதல் கல்லை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். செங்கல் சிவப்பு, பாலேடு வெள்ளை, கறுப்பு, நடுவில் ஒரு சொட்டு நீலம். மேலே பூசின சாயம் இல்லை, ஒரு மண்ணில் அச்சழுத்திப் பள்ளமெடுத்து, அந்தப் பள்ளத்தில் வேறு நிற மண்ணை ஊற்றிச் சேர்த்துச் சுட்டது, அதனால் கல் தேய்ந்தாலும் பூ அழியாது என்று தாங்கள் நாற்பது நிமிஷம் போனில் விளக்கினீர்கள். நான் "ஆமாம் ஆமாம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பூ அழியாதுதான் சம்பந்தி. பூவின் பின்பக்கம்தான் இப்போது பிரச்சினை.

பெட்டியோடு தாங்கள் ஒரு சீட்டும் வைத்திருந்தீர்கள். "ஒவ்வொரு கல்லின் பின்புறமும் வரிசை எண் இட்டிருக்கிறேன். கவனம்." அந்தச் சீட்டை நான் படிக்குமுன்பே என் வீட்டுக்காரி பத்திரமாக எடுத்து வைத்தாள். பத்திரமாக என்றால் எனக்குத் தெரியாத இடத்தில். மறுநாள் கொத்தனாருக்குப் போன் போட்டேன். "பழைய கல்லு சார், பின்னாடி தூசி இருந்தா கலவை பிடிக்காது. ஒரு துணியால தொடச்சு வைங்க" என்றார். என்னிடம் போய்த் துடைக்கச் சொன்னால், துடைத்துவிட்டுப் போகிற ஆளா நான்? முப்பத்து நாலு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் கண்ணாடிக் குழாய் கழுவின கை இது. பிள்ளைகள் வேலைக்குப் போயிருந்தார்கள், வீட்டுக்காரி கண் டாக்டரிடம் போயிருந்தாள், கேட்பாரில்லை. குளியலறையில் மூன்று தொட்டி வைத்தேன். முதல் தொட்டியில் சோப்புத் தண்ணீர், இரண்டாவதில் நல்ல தண்ணீர், மூன்றாவதில் கிருமிநாசினி. பிரஷ்ஷால் முதுகு தேய்த்து, மூன்று தொட்டியிலும் முக்கி, வீட்டில் இருந்த அத்தனை துண்டையும் விரித்து வரிசையாகக் காயவைத்தேன். தண்ணீர் நீலமாகப் போயிற்று. நூறு வருஷத்து அழுக்கு நீலமாகத்தான் இருக்கும்போல என்று பூரித்துப்போனேன். சுற்றின தாள் உரசிப் பின்பக்கமெல்லாம் நீலத் தீற்றலாகத்தான் இருந்தது, ஒரு கல்லில் மட்டும் ஏழு மாதிரி ஏதோ தெரிந்தது. எந்த அழுக்கையும் உற்றுப் பார்த்தால் ஏழு மாதிரித்தான் இருக்கும் என்று அதை இன்னும் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தேன்.

சம்பந்தி, இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

கொத்தனாரை வீட்டில் நாங்கள் ரசமட்டம் என்றுதான் சொல்வோம். அந்தக் குமிழி வைத்த கட்டை இல்லாமல் அவர் டீ கூடக் குடிக்க மாட்டார். டீ கிளாஸை மேஜையில் வைக்குமுன் மேஜைக்கு மட்டம் பார்ப்பார். மறுநாள் காலை வந்து ஒரு கல்லைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். நான் பாராட்டை எதிர்பார்த்து, அடக்கமான முகம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

"சார், நம்பர் எங்க சார்?"

"என்ன நம்பர்?"

"சம்பந்தி ஐயா பின்னாடி நம்பர் போட்டு அனுப்பியிருக்காருன்னு அம்மா சொன்னாங்களே."

"இன்னொண்ணு பாருங்க."

"முப்பது பார்த்துட்டேன் சார். எல்லாம் பொறந்த குழந்த மாதிரி இருக்கு."

அப்போதுதான் எனக்கு அந்த ஏழு ஞாபகம் வந்தது. லேபில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்கிற பாடமே லேபிள் பாடம்தான். லேபிள் இல்லாத குழாய் அனாதை, அதைத் தொலைத்தவன் அதற்குத் தகப்பனாக முடியாது என்று எத்தனை பேரை அழவைத்திருக்கிறேன்! முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு குழாயின் லேபிளைத் தவறவிட்டதில்லை. ஓய்வு பெற்றபின் ஒரே காலையில் நானூறு. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இங்கே ஆனை குளத்தையே எடுத்து மேலே ஊற்றிக்கொண்டுவிட்டது. என் வீட்டுக்காரியிடம் மறைக்கப் பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், நானூறு கல்லை எங்கே மறைப்பது? அவள் ஒரு கல்லைத் திருப்பினாள், என்னைப் பார்த்தாள். "நேத்து எனக்குத்தாங்க கண்ணுல மருந்து விட்டாங்க. உங்களுக்கு என்ன கேடு?" என்றாள்.

அன்று மாலை தங்கள் போன் வந்தது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். "நம்பர் எல்லாம் பாத்தீங்களா சம்பந்தி?" என்றீர்கள். "பாத்தேன், பாத்தேன். முத்து முத்தா இருக்கு" என்றது என் நாக்கு. "ஓ" என்றீர்கள். "எல்லாமே தெரியுதா? ஒண்ணுகூட அழியலையா?" என்றீர்கள். அந்தக் குரலில் சந்தேகம் கேட்டதும், குக்கர் கூப்பிடுகிறது என்று போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டு, "அந்த நம்பரையே ரொம்பப் புடிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம் சம்பந்தி, கொத்தனாருக்கும் கண்ணுன்னு ஒண்ணு இருக்கில்ல" என்றீர்கள். மகள் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், இவர் தெரிந்துகொண்டே குத்திக் காட்டுகிறார் என்று அவளைப் பிடித்து ஒரு மணி நேரம் விசாரித்தேன். "நான் எதுவும் சொல்லலப்பா, உங்க மூஞ்சி போன் வழியா தெரிஞ்சிருக்கும்" என்றாள். மூன்றாவது போனில்தான் ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்றீர்கள்.

எனக்கு இருக்கும் பயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கல் போனால் கல். ஆனால் கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. தாங்கள் என் மகளுக்கு ஆசையாகக் கொடுத்த முதல் பொருள் இது, அதுவும் தங்கள் ஆயுசில் பாதி நின்ற இடம். அதை அவளுடைய அப்பனே கெடுத்தான் என்று ஆனால், தாங்கள் பெரிய மனுஷர், ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். சொல்லாமல் இருப்பீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியாது. சாப்பிட உட்காரும்போது என் மகளிடம் தங்கள் முகம் அரை அங்குலம் திரும்பினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே அடுத்த நாளிலிருந்து குடும்பமே தரையில் உட்கார்ந்தது. இருபது வரிசை, வரிசைக்கு இருபது கல். நாலு கல் சேர்ந்தால் ஒரு வட்டம், ஓரத்துக்குக் கொடி, மூலைக்கு நட்சத்திரம், இவ்வளவுதான் விஷயம் என்று ரசமட்டம் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சேர்த்துப் பார்த்தால் கொடி ஒன்று சுவர் ஓரமாகக் கிளம்பி, நடு அறைக்கு வந்து, மனம் மாறித் திரும்பிப் போயிற்று. மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து, டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "மாமா, அந்தக் கறுப்பு இலையைக் கொடுங்க" என்று தவழ்வார். நால்வரும் முன்னறையில் தவழ்ந்ததால் சாப்பாடு படுக்கையறையில், படுக்கை சமையலறை வாசலில், செருப்பெல்லாம் ஜன்னல் மேல். பார்சல் கொடுக்க வந்தவர் தெரியாமல் உள்ளே ஒரு கால் வைத்துவிட, நாங்கள் நாலு பேரும் சேர்ந்து போட்ட கூச்சலில் பார்சலை விட்டுவிட்டு ஓடிப்போனார். மூன்றாம் நாள் ஒரு கல் குறைந்தது. முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் இருக்கிறது! பெட்டிக்குள் தேடி, துணிமணிக்குள் தேடி, ரசமட்டத்தின் பையைக்கூட நைசாக மோந்து பார்த்தேன். கடைசியில் அடுப்படியில் கிடைத்தது. சூடு பாத்திரம் வைக்கத் தோதாக இருக்கிறது என்று என் வீட்டுக்காரி நட்சத்திரக் கல் ஒன்றை எடுத்துப் போயிருக்கிறாள். என் வாழ்க்கையில் அவளைக் கேள்வி கேட்க எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. "நான் தெரிஞ்சு எடுத்தேன். நீங்க தெரியாம கழுவினீங்க" என்று அதையும் முடித்துவிட்டாள்.

ஆனால் புதிரை அவிழ்த்தவளும் அவளேதான். நாங்கள் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தோம், டாக்டர் சொன்னபடி அவள் தினமும் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்ததால் பூ தெரியவில்லை, கையால் தடவிக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் நடுவுல பள்ளமா இருக்குங்க. எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு சொல்றது. இதுல ஊருசனமே நடந்திருக்கு" என்றாள். அவ்வளவுதான், ரசமட்டம் துள்ளி எழுந்தார். கட்டையை ஒவ்வொரு கல்லின் மேலும் வைத்து, அடியில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்துப் பிரித்தார். தேய்ந்த கல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால், வாசலில் இருந்து ஒரு பாதை வந்தது! ஜனங்கள் வரிசையில் நின்று நின்று தேய்த்த பாதை. அதன் முடிவில் இருபது கல் துளிக்கூடத் தேயாமல், நேற்றுச் சுட்ட மாதிரி பளபளவென்று இருந்தன. "இதுக்கு மேல கவுண்டர் நின்னிருக்கும் சார், அதான் யாரும் மிதிக்கல" என்றார் ரசமட்டம். பாதை கிடைத்ததும் பூவெல்லாம் தானாக வந்து சேர்ந்தது. கொடி ஒழுங்காகச் சுவரோரமே போயிற்று. நாங்கள் அஞ்சு பேரும் சத்தம் போட்டுச் சிரித்த சிரிப்பில் மேல் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, யாருக்குப் பரீட்சையில் பாஸ் என்று கேட்டார்.

கடைசியாக இரண்டு கல் மிச்சம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், கவுண்டருக்கு உள்பக்கம் வருகிறவை. இரண்டிலும் ஒரு பாதம் அளவுக்குப் பள்ளம். வலது கல்லில் பள்ளம் இடதைவிட ஒரு நூல் அதிகம். ரசமட்டம் கட்டையை வைத்துப் பார்த்து, "இங்க நின்னவரு வலது கால்லதான் பாரம் போட்டிருக்காரு சார்" என்றார். கல்யாண வரவேற்பில் மூன்று மணி நேரம் தாங்கள் என் பக்கத்தில் வலது காலில் சாய்ந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தங்களுக்கு முன்னால் அங்கே நின்றவர்களின் பாதமும் அதில் சேர்ந்திருக்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் என் மகள் அந்தக் கல்லில் கை வைத்துக்கொண்டு, "மாமாவுக்கு இங்கதான் நாற்காலி போடணும்" என்றாள்.

இதோடு கதை சுபமாக முடிந்து, தாங்கள் ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வரலாம் என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் ரசமட்டம், "இப்ப எல்லாத்தையும் எடுத்துக் கலவை போட்டு ஒட்டணும். வரிசை மாறாம இருக்க மேல ஒரு பேப்பர் டேப்புல நம்பர் போடுங்க சார்" என்றார். மறுபடியும் நம்பர்! சூடு கண்ட பூனை இல்லையா நான்? இந்தத் தடவை ஒரு நம்பர் போகக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். நான் ஓய்வு பெற்ற அன்று லேபில் எனக்குக் கொடுத்த ஒரு பெட்டி லேபிள் பீரோவில் இருந்தது. மாதக்கணக்கில் ஐஸ் பெட்டியில் கிடந்தாலும் உதிராத லேபிள். அழியாத மையில், என் கையெழுத்தில், ஒன்று முதல் நானூறு வரை எழுதி, கல்லுக்கு ஒன்றாக நடுவில் அழுத்தி ஒட்டினேன். ரசமட்டம் நூல் பிடித்து, மட்டம் பார்த்து, மூன்று நாளில் அருமையாகப் பதித்து முடித்தார். "இப்ப அந்த டேப்ப உரிச்சிடுங்க சார்" என்றார்.

உரியவில்லை.

சோப்புப் போட்டேன், சுடுதண்ணீர் ஊற்றினேன், எண்ணெய் தடவினேன், நகத்தால் சுரண்டி நகம் இரண்டு போயிற்று. கத்தி வைக்க ரசமட்டம் விடமாட்டேன் என்கிறார். இருக்க வேண்டிய நம்பரை ஒரே காலையில் அழித்தவனால் போக வேண்டிய நம்பரை நாலு நாளாக அசைக்க முடியவில்லை. இப்போது தங்கள் மருமகளின் முன்னறை ஒன்று முதல் நானூறு வரை தெளிவாக எண் போட்ட தரையாக விளங்குகிறது. வீட்டில் பேச்சே மாறிவிட்டது. சாவி எங்கே என்றால், "இருநூத்தி முப்பதுல கிடக்கு பாருங்க" என்கிறாள் இவள். மாப்பிள்ளை ஆபீசுக்குப் போனில், "நான் இப்ப நூத்தி நாப்பத்தேழுல இருக்கேன், அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடுவேன்" என்கிறார். அங்கே இருப்பவர்கள் அதை பஸ் நம்பர் என்று நினைக்கிறார்கள். தங்கள் பாதம் பதிந்த கற்கள் இருநூற்று ஏழும் இருநூற்று எட்டும். அவற்றின் மேல் ஒட்டின லேபிளை மட்டுமாவது எடுத்துவிடலாம் என்று நான் காலையிலிருந்து குந்தியிருக்கிறேன்.

ஆகையால் சம்பந்தி, ஒரே ஒரு வாரம் கொடுங்கள். தங்கள் எண்களை நான்தான் கழுவினேன். என் மகளுக்கு இதில் சம்பந்தமே இல்லை, அவள் நாலு நாள் தவழ்ந்ததுதான் மிச்சம். தங்களுக்குக் கோபம் வந்தால் முழுவதும் என் பேருக்கே விலாசம் போட்டு அனுப்புங்கள். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். தாங்கள் இருவரும் முழங்கால் வலியில்லாமல், மனக்குறையில்லாமல், நூறு வயசுக்குமேல் இந்தத் தரையில் நடக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்ளும்,

தங்கள் சம்பந்தி

பி.கு: இதை நான் எழுதும்போது தாங்கள் எதிரே, இருநூற்று எட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆரம்பித்த கடிதத்தை அரைகுறையாக விடக்கூடாது, நடந்ததையும் எழுதி முடியுங்கள் என்று தாங்களே சொன்னதால் எழுதுகிறேன். கடிதத்தை உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தால், வாசலில் தாங்கள்! கையில் பை, நெற்றியில் வியர்வை, ஞாயிறு வர இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. என் கையில் இருந்த உறையைப் பார்த்தீர்கள். "எம் பேரு போட்டிருக்கே. விலாசதாரர் நேர்ல வந்துட்டா கையில கொடுத்துடணும் சம்பந்தி" என்று வாங்கி, வாசலில் நின்றபடியே, வலது காலில் சாய்ந்து, ஆறு பக்கத்தையும் படித்தீர்கள். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். படித்து முடித்ததும் தாங்கள் கேட்டது இதுதான். "அப்ப நம்பர்படி ஒட்டலையா? நிஜமாவா?" இல்லை என்று தலையாட்டினேன். தாங்கள் பையைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டீர்கள்.

தரையைப் பெயர்த்த அன்று தாங்கள் டீ குடிக்கப் போன அரை மணி நேரத்தில் ஆட்கள் நானூறையும் குவியலாகக் கொட்டிவிட்டார்கள் என்பதையும், எது எங்கே இருந்தது என்று ஒன்றும் புரியாமல், பெண் வீட்டாருக்கு எண் இல்லாமல் அனுப்பினால் என்ன நினைப்பார்கள் என்று கையில் வந்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நீலச் சாக்பீஸால் தாங்களே போட்டுவிட்டீர்கள் என்பதையும் நான் இப்போதுதான் அறிகிறேன். "முப்பத்தொரு வருஷம் ஒரு தபால மாத்திப் போட்டதில்ல சம்பந்தி. இத எப்படி வாயால சொல்றது? நம்பர் அழிஞ்சு போயிருக்கக் கூடாதான்னுதான் திரும்பத் திரும்பப் போன் பண்ணேன். நீங்க என்னடான்னா முத்து முத்தா இருக்குங்கறீங்க! அந்த வரிசையில ஒட்டிட்டா என் மருமக வீடு என்னாவறது? தடுத்துடலாம்னு ஓடி வந்தேன்" என்று தாங்கள் சொல்லச் சொல்ல, என் வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் கண்ணில் விட்டிருந்த மருந்தெல்லாம் வெளியே வந்துவிட்டது. நான் கழுவியிராவிட்டால் தரை பாழாகியிருக்குமாம். இதை மேற்படி கடிதத்தின் முதல் பக்கத்திலேயே சேர்த்துப் படிக்கவும்.

லேபிளுக்கும் வழி சொல்லிவிட்டீர்கள். "ஸ்டாம்பக் கிழிக்காம எடுக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. தேய்க்கவே கூடாது. ஈரத்துணியப் போட்டுட்டு, கதை பேசிக்கிட்டு உக்காந்திருக்கணும்." அப்படியே உட்கார்ந்திருக்கிறோம். இதுவரை அறுபத்திரண்டு கல் பேசி முடித்தாயிற்று. லேபிள்கள் தானாகக் கழன்று வருகின்றன, இருநூற்று எட்டில் மட்டும் துணி போட வேண்டாம், அது இருக்கட்டும் என்றுவிட்டீர்கள். என் மகள் தங்களுக்கு டீ கொண்டுவந்து, ஒரு கல்கூட மிதிக்காமல் எப்படி வருவது என்று வாசலிலேயே நிற்கிறாள். "மிதிச்சு வாம்மா, மிதிச்சு வா" என்கிறீர்கள். இதற்கிடையில் இந்த உறையின் தபால்தலையையும் பிரித்து, கசங்காமல் என் சட்டைப் பையில் வைத்து, "அடுத்த தப்புக்கு ஆகும், வெச்சுக்கோங்க" என்றீர்கள்.